கொல்லைப்படியில் ஊற்றிய பால்

என் வாய் கொஞ்சம் நீளம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூலிகள் குடியிருக்கிற லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "வீரம்மாகிட்ட வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்காத" என்று புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு எச்சரிக்கையே உண்டு. இருந்து என்ன புண்ணியம்? கிராணியார் வீட்டுக் கொல்லைப்படியில் நின்று நான் எவ்வளவோ பேசினேன். அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் காது இருந்தது. அவளோ எழுந்து நடக்க முடியாமல் கிடந்தாள்.

முதலில் என் பிள்ளையைச் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளை. பெயர்கூட வைக்கவில்லை, அதற்குள் குளிர்காய்ச்சல் வந்து கொண்டுபோய்விட்டது. பால்குடி மறக்காத பிள்ளை செத்தால் குழியில் இறக்குவதற்கு முன்னால் தாய்ப்பாலை அதன் உதட்டில் விட வேண்டும் என்பது வழக்கம். விடாமல் புதைத்தால் பிள்ளை பசியோடு அலையுமாம். இந்த விஷயத்தில் எல்லாச் சாதியும் ஒன்றுதான். நானும் விட்டேன். என் புருஷன் ரெங்கசாமி, ரயில் தண்டவாளம் போடுகிற கேங்கில் வேலை செய்கிறவன், அவனே குழி வெட்டினான், அவனே மூடினான்.

பிள்ளை போன செய்தியைப் பாலுக்கு யார் சொல்வது? அது பாட்டுக்கு ஊறிக்கொண்டே இருந்தது. ரயில்வே ஆபீசில் எழுத்துவேலை பார்க்கிற கிராணிமார் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிற சந்துகளைக் கூட்டுவது என் வேலை. குனிந்து கூட்டும்போதே ரவிக்கை நனைந்துவிடும். எந்த வீட்டிலாவது பிள்ளை அழுதால் போச்சு, சேலையும் சேர்ந்து நனையும். சை, என்ன உடம்பு இது என்று வெட்கமாக இருக்கும், அழுகையும் வரும்.

அந்த நாளில் அதிகமாக அழுத பிள்ளை கிராணியார் ராதாகிருஷ்ணன் வீட்டுப் பிள்ளை. ஆண் பிள்ளை, வாசு என்று பெயர். பெற்றவள் சீதாலெட்சுமிக்குப் பிரசவத்தோடு ஜன்னி கண்டு, மார்பிலும் கட்டி வைத்து, ஆஸ்பத்திரி டிரஸர் சிரில் வந்து கத்தி வைத்துக் கீறும்படி ஆகிவிட்டது. அந்த மார்பில் பால் ஏது? சீழ்தான் வந்தது. பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். குடித்ததைவிடக் கக்கியதுதான் அதிகம். பிள்ளையின் அழுகை வரவரப் பூனைக்குட்டிச் சத்தம்போல் ஆகிக்கொண்டு வந்தது. கூட்டுமாற்றைப் பிடித்தபடி நான் அதைக் கேட்டுக்கொண்டே நிற்பேன்.

ஒருநாள் கொல்லைக்கதவைத் திறந்துகொண்டு இராஜம்மாள் வந்தாள். கிராணியாரின் அக்காள். தாலியறுத்தபின் தம்பியோடு கப்பலேறி வந்து, அவரைப் படிக்க வைத்து, உத்தியோகத்தில் சேர்த்து, கல்யாணம் கட்டிவைத்தவள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். 'வந்தாள், போனாள்' என்று நான் சொல்வது மரியாதைக் குறைவாக இருக்கிறதா? இருக்கட்டும்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நனைந்திருந்த ரவிக்கையைத்தான் பார்த்தாள்.

"ஏ வீரம்மா, ஒனக்குப் பால் இன்னும் நிக்கலதானே?"

"நிக்கலம்மா."

"எங்க கொழந்தைக்கு வேணும்."

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! கூட்டுமாற்றை அப்படியே போட்டுவிட்டேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "குடுங்கம்மா, மடியில போட்டு இப்பவே குடுக்கிறேன். பாவம், எவ்வளவு நேரமா கத்துது" என்று கையை நீட்டினேன். நீட்டிய கையைப் பார்த்து அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"மடியிலயா? என்னடி பேசுற நீ? பால் மட்டும் குடு. பீச்சிக் குடு, நான் சங்கில ஊத்திக்கிறேன்."

"ஏம்மா, என் பால் ஆகும், என் மடி ஆகாதா?"

"பாலுக்கு ஏதுடி தீட்டு? தீட்டு ஆளுக்குத்தான்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தண்ணீர் ஈரமாக இருக்கும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாகப்பட்டினத்தில் ஏறிய கப்பலில் இவளும் வெறும் தளத்தில்தான் படுத்து வந்தாள், நாங்களும் வெறும் தளத்தில்தான் படுத்து வந்தோம். எல்லோரும் ஒரே வாளியில்தான் வாந்தி எடுத்தோம். கிள்ளானுக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் இறங்கியதும் ஒரே கொட்டகையில் அடைத்து, ஒரே மருந்துத் தண்ணீரைத்தான் தலையில் ஊற்றினார்கள். அங்கே எல்லாம் எங்கே போயிருந்தது இந்தத் தீட்டு? கேட்டிருப்பேன். உள்ளேயிருந்து அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் மறுபடி வந்தது. வாயை மூடிக்கொண்டு சரி என்றேன்.

கையால் பீச்சினால் என் விரல் பாலில் படும் என்பதற்காக, கிராணியார் டவுனில் வெள்ளைக்காரர் மருந்துக்கடையிலிருந்து ஒரு பம்பு வாங்கி வந்தார். கண்ணாடியில் ஒரு புனல், அதற்குக் கீழே பால் தங்குவதற்கு ஒரு குண்டு வயிறு, பக்கத்தில் சிவப்பு ரப்பர் உருண்டை. உருண்டையை அமுக்கி, புனலை மார்பில் வைத்து விட்டால் அது இழுக்கும். ரெங்கசாமி அதைப் பார்த்துவிட்டு, துரைமார் மோட்டாரில் இருக்கிற ஹாரன் என்று நினைத்து "பாம், பாம்" என்று அமுக்கினான். பிள்ளை போனபின் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தது அன்றைக்குத்தான்.

சிரிப்பு அதோடு சரி. இராஜம்மாளின் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. காலையில் குளித்துவிட்டு ஈரச்சேலையோடுதான் வரவேண்டும். வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. கொல்லையில் இருக்கிற விறகுக் கொட்டகையில் உட்கார்ந்து எடுக்கவேண்டும். மீன் கூடாது, கருவாடு கூடாது, அவர்கள் சைவமாம், பிள்ளைக்குக் கவுச்சி இறங்கிவிடுமாம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற எங்கள் பக்கம் கொடுப்பதே பால்சுறாவும் நெத்திலிக் கருவாடும்தான். அதை நிறுத்திவிட்டு, எனக்கென்று ஒதுக்கிய மண்சட்டியில் பருப்புச்சோறும் வதக்கிய பூண்டும் வைத்தாள். சோற்றில் குறை சொல்லமாட்டேன், நெய்கூட விட்டாள்.

எடுத்த பாலை ஊற்றுவதுதான் பெரிய கூத்து. கொல்லைக்கதவுக்கு மூன்று படி. கீழ்ப்படியில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தை வைத்துவிட்டு இராஜம்மாள் மேலே ஏறி நின்றுகொள்வாள். நான் தள்ளி நின்று, பம்பின் கண்ணாடி கிண்ணத்தின் விளிம்பில் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றவேண்டும். ஊரில் தண்ணீர்ப்பந்தலில் அவர்கள் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள், நாங்கள் கையேந்திக் குடிப்போம். இங்கே ஊற்றுகிறவள் நான். அவ்வளவுதான் வித்தியாசம்.

உயரத்திலிருந்து ஊற்றினால் ஒழுங்காக விழுமா? காற்றடித்தால் பாதி செமெண்டில் விழும். தாய்ப்பாலைக் கால் மிதிக்கக்கூடாது என்பதால் நான் குனிந்து சேலைத்தலைப்பால் ஒற்றி எடுப்பேன். எடுப்பதற்குள் எறும்பு வந்துவிடும். உள்ளே ஒரு பிள்ளை பசியில் காய, இங்கே எறும்புக்கு விருந்து. நான் தள்ளிப்போன பிறகு அவள் இறங்கி வந்து, கிண்ணத்தின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒரு துளசி இலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு உள்ளே போவாள்.

ஆனால் ஒன்று. பிள்ளைமேல் அவளுக்கும் உயிர்தான். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கதவு திறந்திருக்கும்போது பார்த்திருக்கிறேன். காலை நீட்டி உட்கார்ந்து, அவனைக் காலில் போட்டுக்கொண்டு, சங்கை உதட்டில் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக விடுவாள். புரையேறிவிடுமோ என்று ஒவ்வொரு சொட்டுக்கும் நிறுத்துவாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. "என் ராசா, என் வம்சவிளக்கு, முழுங்குடா" என்று கெஞ்சுவாள். அதைக் கேட்டால் எனக்கே மனசு இளகும்.

கொஞ்ச நாள்தான். பிறகு பால் குறைய ஆரம்பித்தது. குறையாமல் என்ன செய்யும்? விடியற்குளிரில் ஈரச்சேலையோடு நடுங்கிக்கொண்டு, விறகுக்கட்டையைப் பார்த்துக்கொண்டு, கண்ணாடியை வைத்து இழுத்தால் மார்பு யாருக்காகச் சுரக்கும்? முதலில் பம்பின் வயிறு நிறைந்தது. பிறகு பாதி. பிறகு அடியை நனைத்தது. பிள்ளை மறுபடி மெலிந்தான். கட்டியைப் பார்க்க வந்த டிரஸர் சிரில் பிள்ளையையும் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொல்லைக்கு வந்தார்.

"பம்பு ரொம்ப நாளைக்குத் தாங்காதும்மா" என்று இராஜம்மாளிடம் சொன்னார். "கொழந்தை வாய் வெச்சு உறிஞ்சினாத்தான் பால் நிக்கும். இந்த அம்மாவ நேராக் குடுக்கச் சொல்லுங்க."

"நீங்க வேதக்காரவங்க தம்பி, உங்களுக்கு இதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள் இராஜம்மாள். "அவ மடியில படுத்து வளந்தான்னு நாளைக்கு ஊருக்குள்ள பேச்சு வந்தா, இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

நான் சும்மா இருக்கவில்லை. "அம்மா, பொண்ணு கட்டுறதுக்கு முதல்ல அவன் உசுரோட இருக்கணும்ல?" என்றேன்.

"வாய மூடுடி! பூண்டு இன்னும் கொஞ்சம் சேத்துப் போடுறேன். தின்னுட்டு ஒழுங்கா எடு."

கிராணியார் கொல்லைவாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆபீசில் நூறு பேருக்கு உத்தரவு போடுகிறவர். அக்காள் முகத்தைப் பார்த்தார், டிரஸர் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். "அக்கா சொல்றபடி செய்யி" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆம்பிளையாம்!

அடுத்த வெள்ளிக்கிழமை இராஜம்மாள் கோயிலுக்குப் போனாள். நான் கொட்டகையில் உட்கார்ந்து ரப்பரை அமுக்கி அமுக்கிக் கை வலித்ததுதான் மிச்சம். மார்பு புண்ணாகியிருந்தது. கொல்லைக்கதவு மெதுவாகத் திறந்தது. பார்த்தால் சீதாலெட்சுமி. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்கி வருகிறாள். இன்னொரு கையில் பிள்ளை. முகத்தில் இரத்தமே இல்லை.

"ஐயோ, எங்கம்மா வரீங்க? விழுந்துடுவீங்க!" என்று எழுந்தேன். பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கை பாதியில் நின்றது.

"அண்ணி வர நேரமாகும்" என்றாள். மூச்சு வாங்கியது. "நீ வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுதானே சொன்னாங்க? நான் வெளிய வரக்கூடாதுன்னு யாரும் சொல்லல." அப்படிச் சொல்லிவிட்டு விறகின்மேல் உட்கார்ந்து பிள்ளையை என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு, "குடுங்க அக்கா" என்றாள்.

அக்கா என்றாள். அந்தச் சொல்லிலேயே எனக்குப் பால் இறங்கிவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன்.

வாசு முதலில் வாயை வைக்கத் தெரியாமல் முட்டினான். சங்கு மட்டுமே கண்ட வாய்தானே? உதட்டில் ஒரு சொட்டு விட்டேன். நக்கினான். பிறகு கப்பென்று பிடித்தான் பாருங்கள், புண்ணான மார்பு உயிர் போகிற மாதிரி வலித்தது. வலிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. அவன் கை என் விலாவில் ஊர்ந்து, அங்கேயே பிடித்துக்கொண்டது. சீதாலெட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் மகளையும் நினைத்துக்கொண்டேன், இவனையும் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இராஜம்மாள் கோயிலுக்கோ காய்கறி வாங்கப் பாசாருக்கோ எப்போது கிளம்புவாள் என்று நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். அவள் தெருமுனை திரும்பினால் கொல்லைக்கதவு திறக்கும். பால் மறுபடி பொங்கிக்கொண்டு வந்தது. பம்பில் எடுக்கிற நேரத்தில்கூடக் கண்ணாடி வயிறு நிறைந்தது. பிள்ளைக்குக் கன்னம் வைத்தது, தொடையில் மடிப்பு விழுந்தது. இராஜம்மாள் அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நான் போடுற துளசியோட மகிமைடி" என்றாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு "ஆமாங்கம்மா" என்றேன். என் வாழ்நாளில் நான் வாயை அடக்கியது அந்தச் சில நாள்தான். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

எங்களைக் காட்டிக்கொடுத்தது அந்தப் பிள்ளைதான். வேறு யாரும் இல்லை.

ஒரு காலை சீதாலெட்சுமி குளித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. இராஜம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே கிண்ணத்தை எடுத்து வந்தாள். கீழ்ப்படியில் குனிந்து வைக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். காற்று என் பக்கமிருந்து அவள் பக்கம் வீசியது. அவ்வளவுதான். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை தலையைத் தூக்கினான். மூக்கைச் சுருக்கினான். வாயை ஆவென்று திறந்துகொண்டு என் பக்கமாகத் திரும்பி உடம்பை வளைத்தான். அவள் இழுத்துப் பிடித்தாள். அவன் வீல் என்று கத்திக்கொண்டு இன்னும் வளைந்தான். என் ஈரச்சேலையில் இரண்டு இடத்தில் பால் வெள்ளையாகக் கசிந்து இறங்கியது. கையால் மறைத்தேன். மறைத்து என்ன பிரயோசனம்?

இராஜம்மாள் பிள்ளையைப் பார்த்தாள். என் சேலையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தனை நாளாடி நடக்குது இது?"

நான் பதில் சொல்வதற்குள் ஈரத்தலையோடு சீதாலெட்சுமி ஓடி வந்தாள். "நான்தான் அண்ணி குடுத்தேன். அவங்க மேல தப்பில்ல" என்றாள்.

"அவங்களா? அவ உனக்கு அவங்களா?" இராஜம்மாள் அலறினாள். அப்படி ஒரு அலறலை நான் கேட்டதில்லை. சாவு வீட்டில்கூட அப்படி அலறமாட்டார்கள். "என் தம்பி வம்சத்தையே கொண்டுபோய் எவ மடியிலயோ போட்டுட்டியேடி பாவி!"

நான் பார்த்துக்கொண்டு நிற்பேனா? "எவ மடியோ இல்லம்மா, அவன் குடிச்ச மடி! துளசியா வளத்துச்சு இவன? என் ரத்தம் வளத்துச்சு!" என்று நானும் கத்தினேன். சந்து முழுக்கக் கதவுகள் திறந்தன. ஊருக்குத் தெரியக்கூடாது என்று அவள் பயந்தது ஊருக்குத் தெரிந்துபோனது. நான் கத்தினது தப்பு என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

அன்றே என்னை நிறுத்திவிட்டார்கள். இராஜம்மாள் பம்பைக் கொல்லைப்படியில் வைத்துவிட்டு, "இதையும் எடுத்துட்டுப் போ. இனிமே இந்த வீட்டுல இதுக்கு வேலையில்ல" என்றாள். கிராணியார் சீனன் கடையிலிருந்து தகரப்பால் டின் வாங்கி வந்தார். தகரத்தில் ஒரு குண்டுப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. தித்திப்புப் பால், தேன் மாதிரி ஒழுகும். தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டியதுதான், யார் மடியும் வேண்டாம்.

பாலை நான் வற்ற விடவில்லை. லயத்தில் உட்கார்ந்து அந்தப் பம்பால் எடுத்துக்கொண்டே இருந்தேன். எடுத்ததைக் கொண்டுபோய் அவர்கள் கொல்லைக்கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுவேன். "அம்மா, மடி வேண்டாம்மா. உசரத்திலேந்தே ஊத்துறேன். கிண்ணத்த மட்டும் வைங்கம்மா." வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். வாய் நீளமான வீரம்மா கெஞ்சினாள். கதவு திறக்கவில்லை. உள்ளே சீதாலெட்சுமி அழுகிற சத்தம் கேட்கும், அவளை அதட்டுகிற சத்தமும் கேட்கும். மிதிபடுகிற இடத்தில் கொட்டக்கூடாதென்று அந்தப் பாலை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வருவேன்.

பிள்ளை எப்படி இருக்கிறான் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. சந்தில் கூட்டும்போது கொல்லைக் கொடி தெரியும். அதில் பிள்ளைத்துணி காயும். முதலில் நாலைந்து இருக்கும். அப்புறம் கொடி நிறைந்தது. அப்புறம் வேலியிலும் போட்டார்கள், விறகுக் கொட்டகைக் கூரையிலும் போட்டார்கள். துவைத்தும் போகாத பச்சைக் கறை ஒவ்வொன்றிலும். வயிற்றுப்போக்கு. டிரஸர் சிரில் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கச் சொன்னாராம். அங்கே யார் யார் கைபடுமோ என்று இராஜம்மாள் வேண்டாம் என்றாளாம். நான் ரெங்கசாமியிடம், "போய்க் கதவ ஒடச்சுத் தூக்கிட்டு வந்துடவா?" என்று கேட்டேன். "ஒடச்சா போலீசு வரும், உன்ன நாடு கடத்திடுவான்" என்றான். சொல்லிவிட்டு அவனும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒரு காலை கொடியில் துணியே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் லயத்துக்கு ஆள் வந்தது. கிராணியார் வீட்டில் பிள்ளை தவறிவிட்டது, குழி வெட்ட ரெங்கசாமி மண்வெட்டியோடு வரவேண்டும் என்றார்கள். அந்த வேலைக்கு மட்டும் எங்கள் ஞாபகம் வரும். அவன் எழுந்தான். பின்னாலேயே இராஜம்மாள் வந்தாள். லயத்து மண்ணில் அவள் கால் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. கையில் அந்த வெள்ளிக் கிண்ணம்.

"வீரம்மா" என்றாள். "உதட்டுல விட ஒரு சொட்டுப் பால் வேணும். சீதாவுக்குத்தான் இல்லையே. பசியோட அலைய விட்டுடாதடி எங்க கொழந்தைய."

என்ன சொல்ல! எத்தனையோ பேச்சு நாக்கு நுனியில் வந்து முட்டியது. பசியோடு அலையவிடக்கூடாதாம். உயிரோடு இருந்தபோது எங்கே போயிருந்தது அந்தக் கவலை? எழுந்து அவளுக்கு முன்னால் நடந்தேன்.

கொல்லைப்படியில் பிள்ளையைப் புது வேட்டித்துணியில் சுற்றிப் பாயில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் சீதாலெட்சுமி, அழுது முடித்த கண்ணோடு. கிராணியார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இராஜம்மாள் பழைய ஞாபகத்தில் கிண்ணத்தைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு மேலே ஏறிப் போனாள்.

"கிண்ணத்துல விடமாட்டேன்" என்றேன். "கொழந்தையக் குடுங்க. மடியில போட்டு விடுறேன். இல்லாட்டி நான் போறேன்."

சீதாலெட்சுமி தலையைத் தூக்கி இராஜம்மாளைப் பார்த்தாள். இராஜம்மாள் பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எடுத்துக்க. எப்படியும் எல்லாரும் தலைமுழுகத்தானே போறோம்."

வன்மமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னாள். அதனால்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு குளியல்! ஒரு வாளித் தண்ணீரில் போகிற தீட்டு அது! அந்தக் குளியலைத் தினமும் குளித்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் இவளுக்கு?

சீதாலெட்சுமி பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். கனமே இல்லை. கன்னமும் தொடை மடிப்பும் எங்கே போயினவோ. உதட்டில் மார்பை வைத்தேன். அவன் பிடிக்கவில்லை. ஆனால் என் பால் இறங்கியது. பம்புக்கு அழுது வடிந்த பால், இப்போது கேட்காமலே வந்தது. வாயில் நிறைந்து, கடைவாயில் வழிந்து, அவன் கழுத்துக்கும் என் சேலைக்கும் ஓடியது. யாராவது நிறுத்தச் சொல்வார்கள் என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. ரெங்கசாமி வந்து என் தோளைத் தொட்ட பிறகுதான் கொடுத்தேன்.

கிராணியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, ரெங்கசாமி மண்வெட்டியோடு பின்னால் போனான். கொல்லைக் குழாயடியில் இராஜம்மாள் வாளி வாளியாகத் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். சீதாலெட்சுமியையும் இழுத்து உட்காரவைத்து ஊற்றினாள். குழி மூடிவிட்டு வந்த ஆண்களும் குளித்தார்கள்.

நான் குளிக்கவில்லை. அவன் வாய் பட்ட சேலையோடு அப்படியே படுத்துக்கொண்டேன்.